பைசா பாக்கியில்லாமல்

நசீராவின் போனுக்கு அந்தக் கணக்கு ஆப்பைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளைக்கு வேறு யாராவது சொல்லித் தெரிவதைவிட நானே சொல்லிவிடுவது மேல்.

காட்டூரில் அவர்கள் வீட்டு மாடியில் நாங்கள் ஏழு வருடமாகக் குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரருக்குப் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை. நான் தில்லைநகரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் ஊரார் வரவு செலவை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவள். அதனால் இந்தத் தெருவில் யாருக்கு பேங்க், ஆதார், பான் கார்டு என்று எந்தச் சிக்கல் வந்தாலும் 'உமாமகேஸ்வரி அக்காவைக் கேளு' என்பார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இல்லை என்று சொன்னால் என் வீட்டுக்காரரே சிரிப்பார்.

நசீராவுக்கு நாற்பத்திரண்டு வயது. பீமநகரில் பிறந்தவள். அவளுடைய அத்தா பாலக்கரையில் மெத்தைக் கடை வைத்திருந்தார். பன்னிரண்டாம் வகுப்பில் அக்கவுண்டன்ஸ் பாடத்தில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தவள், அடுத்த வருடமே ஜமாலுக்கு மனைவியாகி இந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். ஜமால் தம்மாமில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். போய் இருபத்தோரு வருடம் ஆகிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவு. மீதி நாளெல்லாம் போனில்தான் குடும்பம். ஒரே மகள் அஃபீஃபாவைப் போன வருடம் புதுக்கோட்டையில் கட்டிக் கொடுத்தார்கள். அதிலிருந்து கீழ்வீட்டில் நசீரா மட்டும்தான்.

கடைக்குப் போனால், பேங்குக்குப் போனால், எங்கே போனாலும் போகும்முன் ஒரு வாய்ஸ் மெசேஜ், வந்தபின் ஒரு வாய்ஸ் மெசேஜ். ஜமால் மிரட்டுகிறவர் இல்லை. குரலை உயர்த்திப் பேசி நான் ஒருநாளும் கேட்டதில்லை. 'சொல்லிட்டுப் போனா எனக்கு நிம்மதியா இருக்கும் நசீரா' என்பார், அவ்வளவுதான். அந்த நிம்மதிக்காக அவள் இருபத்தோரு வருடமாகச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறாள். எனக்குத்தான் எரிச்சலாக வரும். அவள், 'பாவம்க்கா, அங்க தனியா கெடக்குறாங்க' என்பாள்.

அவர்களுக்கு நாலு பேங்க் கணக்கு. சம்பளம் வந்து விழுவது ஒன்று. எங்கள் வாடகையும் பாலக்கரைக் கடை வாடகையும் வருவது ஒன்று. வீட்டுச் செலவுக்கு நசீரா பேரில் ஒன்று. நாலாவது, வட்டிக் கணக்கு.

அந்த நாலாவதை எனக்கு விளங்க வைக்கவே அவளுக்கு ஒரு சாயங்காலம் ஆனது. வட்டி அவர்களுக்கு ஆகாது. வாங்குவதும் கொடுப்பதும் ஹராம். ஆனால் பேங்கில் பணம் கிடந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது தானாக வட்டி போட்டுவிடும். வேண்டாம் என்றாலும் விடாது. அந்தப் பணத்தைத் தனியே பிரித்தெடுத்து, இல்லாதவர்களுக்கோ, ரோடு, சாக்கடை, கக்கூஸ் மாதிரி பொதுக்காரியத்துக்கோ கொடுத்துவிட வேண்டும் என்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அதைத் தர்மம் என்று நினைத்துக் கொடுக்கக் கூடாது. அதற்காக அல்லாஹ்விடம் நன்மையை எதிர்பார்க்கக் கூடாது. வீட்டிலிருக்கும் அழுக்கை வெளியே தள்ளுகிற நினைப்போடு கொடுக்க வேண்டும். இதற்காகவே ஜமால் நாலாவது கணக்கைத் தொடங்கி, பிரித்துக் கொடுக்கிற பொறுப்பை மனைவியிடம் விட்டிருந்தார்.

நசீரா அதைப் பைசா சுத்தமாகச் செய்தாள். பதிமூவாயிரத்து நானூற்று எண்பத்திரண்டு ரூபாய் முப்பத்தேழு பைசா வட்டி விழுந்தால், முப்பத்தேழு பைசாவையும் சேர்த்தே நாலாவது கணக்குக்கு மாற்றுவாள். அங்கிருந்து வெளியே அனுப்பும்போதும் அதே முப்பத்தேழு பைசா. என் ஆபீஸில் நாங்களே பைசாவைத் தள்ளிவிடுவோம். இவள் கேட்க மாட்டாள்.

"ஒரு பைசா நம்ம பக்கம் தங்கிட்டாலும் அது நம்ம சோத்துல கலந்த மாதிரிதாங்க்கா" என்றாள்.

பிறகு அவளை மாட்டிவைத்தது இந்தப் பைசா சுத்தம்தான்.

அந்தப் பணம் நாலு வருடமாக யாருக்குப் போய்க்கொண்டிருந்தது என்பதை இப்போது சொல்ல வேண்டும். அரியமங்கலத்தில் இருக்கும் பஸீலாவுக்கு. நசீராவின் சொந்தத் தங்கை.

பஸீலாவை ஜமால்தான் முன்னின்று தன் சித்தப்பா மகனுக்குக் கட்டி வைத்தார். அவன் கை நீட்டுகிறவன். ஆறு வருடம் பொறுத்த பஸீலா, மகளைத் தூக்கிக்கொண்டு வந்து, ஜமாஅத்தில் உட்கார்ந்து தானாகக் கேட்டு குலா வாங்கிவிட்டாள். கணவனிடமிருந்து மனைவி கேட்டு வாங்கும் விடுதலைக்கு அதுதான் பேர். சித்தப்பா வீட்டில் ஜமாலுக்குத் தலைகுனிவு. 'இனிமே அவ பேரு நம்ம வீட்ல வேண்டாம்' என்று ஒரே ஒருமுறை சொன்னார், அதுவும் மெதுவாகத்தான். அன்றிலிருந்து அந்த வீட்டில் பஸீலா இல்லை. அஃபீஃபா கல்யாணத்துக்குக்கூட அவளை அழைக்கவில்லை.

பஸீலா பிளாஸ்டிக் சாக்கு தைக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறாள். மகள் ஜெஸிமா ஏழாவது படிக்கிறாள். பஸீலா ரோஷக்காரி. ரமலானில் தெருவில் எல்லா ஏழை வீட்டுக்கும் கொடுக்கிற ஃபித்ரா அரிசியைக்கூட, 'வாங்குற நெலமையில நான் இல்ல' என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியவள். அக்காவிடம் மட்டும் வாங்கிக்கொண்டாள். அதுவும் நசீரா ஆரி வேலை செய்து சம்பாதிப்பதாகச் சொன்னதால். கல்யாண பிளவுஸில் ஊசியால் மணி கோக்கிற வேலை. அதற்கான மரச்சட்டம் கீழ்வீட்டு ஹாலில் சுவரோரம் நிற்கிறது. அதில் துணி மாட்டி நான் பார்த்ததே இல்லை. நசீராவின் கையில் அவளுடைய பணம் என்று ஒரு ரூபாய் கிடையாது. மீதி மூன்று கணக்கிலும் எடுக்கிற நூறு ரூபாய்க்குக்கூடக் கேள்வி வரும். யாரும் கேள்வி கேட்காத பணம் அந்த வீட்டில் வட்டிப் பணம் ஒன்றுதான். யாருக்கும் அது வேண்டாம் என்பதால் யாரும் அதைப் பார்ப்பதில்லை. அதுவும் ஸ்கூல் ஃபீஸ் கட்டுகிற சமயத்தில் சரியாக வரும்.

பைசா ஏன் வருகிறது என்று பஸீலாவும் ஒருமுறை கேட்டிருக்கிறாள். பேங்க் ஏதோ பிடித்தம் செய்கிறது என்று அக்கா சமாளித்துவிட்டாள்.

"அனுப்புறது கஷ்டமில்லக்கா" என்றாள் நசீரா. "அனுப்புறப்போ எனக்கு இதுல நன்மை வேண்டாம்னு நெனச்சுக்கணும் பாருங்க. கூடப்பொறந்தவளுக்குக் குடுத்துட்டு அப்படி நெனைக்கிறதுதான் கஷ்டம்."

இதையெல்லாம் அவள் என்னிடம் சொன்னது இந்த வருடம் ஜூனில். சொல்ல வேண்டி வந்ததே ஆப்பால்தான்.

ஜமாலின் கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள். அடுத்த மார்ச்சோடு அவரும் ஊர் திரும்ப வேண்டும். மனிதருக்குப் பயம் வந்துவிட்டது. இருபத்தோரு வருடச் சம்பாத்தியம் எங்கே எவ்வளவு இருக்கிறது, மாதம் எவ்வளவு போகிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்க வேண்டும் என்றார். அவருடன் தங்கியிருக்கும் உஸாமா என்பவர் குடும்பச் செலவு முழுவதையும் ஒரு ஆப்பில் வைத்திருக்கிறாராம். கணவனும் மனைவியும் ஒரே கணக்கை இரண்டு போனிலும் பார்க்கலாமாம். 'எது நல்லதுன்னு நீயே பாத்து செலக்ட் பண்ணு. அக்கவுண்டன்ஸ்ல ஃபர்ஸ்ட் வந்தவ நீதான' என்று வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தார். அவர் அவளைப் பாராட்டி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

நசீரா போனோடு மாடிக்கு வந்தாள். எனக்கு இது பிடித்த விஷயம். உட்கார வைத்து, ஆப்புகளில் மூன்று ஜாதி உண்டு என்று பாடமே நடத்தினேன். ஒன்று, போனுக்கு வருகிற பேங்க் மெசேஜ்களைப் படித்து அதுவாகக் கணக்கு எழுதிக்கொள்வது. இன்னொன்று, நம் நம்பரைக் கொடுத்து ஓடிபி போட்டால் அந்த நம்பரில் உள்ள எல்லா பேங்க் கணக்கையும் தேடிப் பிடித்து மூன்று நாலு வருடத்து வரவு செலவைக் கொண்டுவந்து கொட்டுவது. மூன்றாவது, நாமே ஒவ்வொன்றாகத் தட்டி எழுதுகிற நோட்டுப் புத்தகம் மாதிரி. நிறைகுறையெல்லாம் சொல்லி முடித்தேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு,

"உமாக்கா, இதுல எது ரொம்பக் கம்மியாப் பாக்கும்?" என்றாள்.

எத்தனையோ பேருக்கு ஆப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். அப்படிக் கேட்ட ஒரே ஆள் அவள்தான். ஏன் என்று கேட்டேன். அப்போதுதான் பஸீலாவின் கதை வந்தது.

அவளுக்கு இரண்டு பக்கமும் அடைப்பு. ஜமாலுக்குத் தெரிந்தால், பேரே வேண்டாம் என்றவளுக்கு நாலு வருடமாகப் பணம் போனது வெளிச்சமாகிவிடும். ஆனால் அதைவிட அவள் பயந்தது பஸீலாவுக்குத் தெரிவதை. இது எந்தப் பணம் என்று தெரிந்தால் அவள் கையால் தொட மாட்டாள். அவளும் அதே வீட்டில் வளர்ந்தவள். அத்தா தன் கணக்கில் விழுந்த வட்டியை எடுத்து பீமநகர்ச் சந்தில் சாக்கடை மூடி போடக் கொடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவள்.

முதலில் மெசேஜ் படிக்கிற ஆப்பைப் போட்டோம். நசீரா வட்டிக் கணக்கு பேங்கின் மெசேஜ்களை எல்லாம் ஒன்றுவிடாமல் அழித்துவிட்டு வந்தாள். பத்து நாள் நன்றாகத்தான் போனது. பதினோராம் நாள் ஜமால் பதறிக்கொண்டு போன் செய்தார். என்ன வியாதி, ஏன் என்னிடம் மறைக்கிறாய் என்று. பார்த்தால், கறிக்கடைக்காரர் தன் மகனுடைய மருந்துக்கடையின் கியூஆர் அட்டையைக் கடையில் ஒட்டி வைத்திருக்கிறார். ஆப் அத்தனை கறியையும் மருந்து என்று எழுதியிருந்தது. மாதம் மூவாயிரத்து அறுநூறு ரூபாய்க்கு மருந்து. நாங்கள் சிரித்துத் தீர்த்தோம். ஜமால் சிரிக்கவில்லை. வேறு பார் என்றார்.

அடுத்து நோட்டுப் புத்தக ஆப். நசீராவுக்கு அதுதான் இஷ்டம். கீரைக்கட்டிலிருந்து கேஸ் சிலிண்டர் வரை தட்டினாள். ஆனால் அந்தப் பக்கம் இருப்பது ஸ்டோர் கீப்பர். அவர் வாழ்க்கை முழுவதும் ரேக்கில் இருப்பதையும் நோட்டில் இருப்பதையும் ஒப்பிட்டே பழகியவர். மாதக் கடைசியில் இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய் உதைக்கிறது என்றார். திருடினாய் என்று சொல்லவில்லை. எங்கே போயிருக்கும் என்று இரண்டு பேரும் சேர்ந்து யோசிப்போமா என்றார். முக்கால் மணி நேரம் யோசித்தார்கள். நசீரா மாடிக்கு வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

அந்த நிலையில்தான் நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். ஓடிபி போட்டுத் தேடிப் பிடிக்கிற ஆப்பில் ஒரு வசதி உண்டு. எல்லாக் கணக்கையும் பட்டியல் போட்டுக் காட்டிவிட்டு, எதையெல்லாம் சேர்க்கட்டும் என்று அதுவே கேட்கும். வேண்டியதை மட்டும் டிக் செய்யலாம். 'மூணை டிக் பண்ணு, நாலாவதை விட்டுடு. கேட்டா அது நம்ம பணமே இல்லையேன்னு சொல்லு' என்றேன். நசீரா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு எனக்கு பிரியாணி வந்தது. நான் சைவம் என்பதையே அந்தச் சந்தோஷத்தில் மறந்துவிட்டாள். பிறகு ஓடிப்போய்த் தயிர்ச்சாதம் பிசைந்துகொண்டு வந்தாள்.

ஜமாலும் அப்படியே ஒப்புக்கொண்டார். வட்டியை நம் கணக்கோடு சேர்த்து எழுதுவதே தப்பு, நீ விட்டது சரி என்றார். ஜூலை போனது, ஆகஸ்ட் போனது. கணக்கு பைசா பிசகாமல் ஒத்துப்போனது. நான் ஆபீஸிலும் இரண்டு பேருக்கு அந்த ஆப்பைச் சிபாரிசு செய்தேன்.

நான் ஸ்ரீரங்கத்துக்காரி. ஏகாதசிக் கூட்டத்தில் கட்டை கட்டிய வரிசைக்குள் ஒருமுறை நுழைந்துவிட்டால் நடுவில் திரும்பி வர வழியில்லை என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆப்பும் அப்படித்தான் என்பது எனக்குத் தோன்றாமல் போய்விட்டது.

செப்டம்பர் இரண்டாவது வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுதுவிட்டு வந்த ஜமால் போன் செய்தார். இங்கே சாயங்காலம் நாலரை மணி. நசீரா மாடிப்படியிலிருந்து எனக்குக் கை காட்டினாள். நான் இறங்கிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"ஊருக்கு வர்றதுக்கு முன்னாடி அந்த வட்டிக் கணக்கையும் ஒரு தடவை பாத்துடுறேன் நசீரா. நாலு வருசமா நான் கேக்கவே இல்ல. ஒரு பைசா நம்ம வயித்துக்குள்ள போயிருந்தாலும் நாளைக்கு அல்லாஹ்கிட்ட நான்தான பதில் சொல்லணும்."

"எல்லாம் குடுத்தாச்சுங்க."

"குடுத்திருப்ப. சந்தேகப்பட்டுக் கேக்கல. பாத்துட்டா மனசு ஆறும். நானே இங்கேருந்து டிக் பண்ணிட்டேன். உனக்கு ஓடிபி வரும், சொல்லு."

அந்த நாட்டு நம்பருக்கு இந்த பேங்குகளின் ஓடிபி ஒழுங்காகப் போவதில்லை என்பதால் எல்லாக் கணக்கும் நசீராவின் நம்பரில்தான் இருந்தன. ஆறு எண் வந்து அவள் திரையில் நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

"வரலீங்க" என்றாள்.

அவர் மறுபடி அனுப்பினார். மறுபடியும் வந்தது. மறுபடியும் வரவில்லை என்றாள். டவர் இல்லையா, வாசலுக்குப் போய் நின்று பார் என்றார். அவள் நிஜமாகவே எழுந்து வாசலுக்குப் போனாள். உட்கார்ந்தே சொன்னால் அவருக்குத் தெரிந்துவிடும் என்பதுபோல. மூன்றாவது முறை வந்தபோது வாசல் கேட் அருகில் நின்று ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள். நான் ஹாலில் உட்கார்ந்து அந்த ஆரிச் சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கையிலிருந்த போனைப் பிடுங்கி அணைத்திருக்கலாம். நான் வாடகைக்காரி, எனக்கென்ன உரிமை என்று அன்றைக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்கும் பயமாக இருந்தது.

இரண்டு நாள் அவரிடமிருந்து போன் இல்லை. நசீரா வாய்ஸ் மெசேஜ் போடாமல் வெளியே போகலாமா கூடாதா என்று தெரியாமல் வெளியே போவதையே விட்டுவிட்டாள். நான்தான் பால் வாங்கிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் பேசினார். கத்துவார் என்று எதிர்பார்த்தோம். கத்தியிருந்தால்கூடத் தேவலை. அவர் ஸ்டோர் கீப்பர் வேலையைச் செய்து முடித்திருந்தார். இந்தப் பக்கம் வட்டி எவ்வளவு வந்தது, அந்தப் பக்கம் எவ்வளவு போனது என்று பதினாறு வரியையும் ஒப்பிட்டிருந்தார். பதினாறும் பைசாவோடு ஒத்துப்போயின. அவருக்கு உண்மையிலேயே திருப்தி. நசீராவைப் பாராட்டினார்.

"பஸீலாவுக்கா அனுப்புன? சரி, இருக்கட்டும். நான் ஒண்ணும் சொல்லல. அந்தப் பணத்துக்கு ஏத்த எடந்தான் அது."

பிறகு அவரே சொல்லியிருக்கிறார். நீ இனிமேல் கையால் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டாம், வட்டி வந்ததும் மொத்தமும் ஒன்றாம் தேதி தானாகவே பஸீலா கணக்குக்குப் போகிற மாதிரி ஆப்பில் போட்டுவிடுகிறேன் என்று. இன்னொரு ஓடிபி வந்தது. அதையும் அவள் படித்தாள். இந்த முறை வாசலுக்குப் போகவில்லை.

அனுப்பும்போது குறிப்பு எழுத ஒரு கட்டம் இருக்கும். நசீரா அதை எப்போதும் காலியாக விடுவாள். ஜமால் காலியாக விடுகிறவர் இல்லை. ஸ்டோரில் பேர் எழுதாத பெட்டியே கூடாது. அதோடு நிய்யத், அதாவது கொடுக்கிற நினைப்பு, சுத்தமாக இருக்க வேண்டும், நாளைக்கு யாரும் இதை ஸதகா, தர்மம் என்று நினைத்துவிடக் கூடாது. ஆங்கில எழுத்தில் 'வட்டிப் பணம்' என்று எழுதினார். அது ஒவ்வொரு முறையும் பஸீலாவின் போனுக்குப் போகிற மெசேஜில் தொகைக்குப் பக்கத்திலேயே வரும்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. 'எழுதாதீங்கன்னு சொல்றதுக்கு உனக்கு வாய் இல்லையா?' என்று நசீராவைத்தான் திட்டினேன். கோபத்தைக் காட்ட எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவள் அவள்தான். ஏன் எழுதக் கூடாது என்று அவர் கேட்பார் என்றாள். என் தங்கை அதை ஆரிப் பணம் என்று நம்பியிருக்கிறாள் என்று சொன்னால், பொய் சொல்லியா கொடுத்தாய் என்பார். அதற்கு என்னிடம் என்ன பதில் இருக்கிறது என்றாள்.

ஒன்றாம் தேதிக்குப் பதினாறு நாள் இருந்தது. அதற்குள் நசீராவே தங்கையிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தோம். மெசேஜில் படிப்பதைவிட அக்கா வாயால் கேட்பது மேல் அல்லவா? ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை என் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு அரியமங்கலம் போனேன். ஜமாலுக்கு, என்னோடு மார்க்கெட் போவதாக மெசேஜ்.

பஸீலா வீடு ஒற்றை அறை. எங்களைப் பார்த்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. சேமியா கிண்டினாள். ஜெஸிமா தன் ரேங்க் கார்டைக் கொண்டுவந்து பெரியம்மாவிடம் காட்டினாள். பஸீலா அக்காவைக் காட்டி என்னிடம், "லாத்தா கண்ணு கெட்டுப்போகுங்க, ராப்பகலா மணி கோக்காதன்னு நீங்களாவது சொல்லுங்க. ஜெஸிமா வேலைக்குப் போனதும் மொதல் சம்பளத்துலேருந்து திருப்பிடுவோம்" என்றாள். நசீரா வாயைத் திறந்தாள். திறந்து, சேமியாவில் சீனி சரியாக இருக்கிறது என்றாள். ஒரு மணி நேரம் இருந்தோம். கிளம்பும்போது பஸீலா அக்காவின் கையைத் திருப்பி விரல் நுனிகளைப் பார்த்தாள். ஊசி குத்திய தழும்பு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாளோ என்னவோ.

அதற்குப் பிறகும் ஒன்பது நாள் இருந்தது. தினமும் நாளைக்குச் சொல்கிறேன் என்றாள். தினமும் நான் சரி என்றேன்.

நேற்று ஒன்றாம் தேதி. காலை ஆறு மணிக்கே அது போய்விட்டது. பதிமூவாயிரத்து அறுநூற்றுப் பதினேழு ரூபாய் ஐம்பத்து நாலு பைசா. யாரும் ஒரு பொத்தானையும் அழுத்தவில்லை. நசீரா எழுந்து தொழுதுவிட்டுப் போனைப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பஸீலாவிடமிருந்து போன் வரவில்லை. இவளும் செய்யவில்லை. பத்தாம் தேதிக்குள் ஜெஸிமாவின் ஃபீஸ் கட்ட வேண்டும் என்பது மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

சாயங்காலம் நான் ஆபீஸிலிருந்து வந்ததும் நேரே கீழ்வீட்டுக்குப் போனேன். நசீரா ஹாலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். போனை என்னிடம் நீட்டினாள். பணம் திரும்பி வந்திருந்தது. பதிமூவாயிரத்து அறுநூற்றுப் பதினேழு ரூபாய் ஐம்பத்து நாலு பைசா. பஸீலாவும் குறிப்புக் கட்டத்தைக் காலியாக விடவில்லை. 'பைசா சரியான்னு பாத்துக்க லாத்தா' என்று எழுதியிருந்தாள்.

ஆப் குறிப்பை விட்டுவிட்டு, தொகையை மட்டும் பச்சை நிறத்தில் வரவு என்று காட்டியது. அன்று காலையில் நான் அனுப்பிய வாடகையும் அதற்கு மேல் வரியில் அதே பச்சையில் இருந்தது. இந்த மாதம் உங்கள் வரவு அதிகம், வாழ்த்துகள் என்று கீழே ஒரு வரி. தம்மாமிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்து நின்றது. பணம் ரிட்டன் ஆகியிருக்கிறதே, அக்கவுண்ட் நம்பர் ஏதும் மாறிவிட்டதா, விசாரித்துச் சொல் என்று.

நசீரா அழவில்லை. திரையில் ஒரு கேள்வி நின்றுகொண்டிருந்தது. இது எந்த வகை வரவு என்று ஆப் கேட்டது. சம்பளம், வாடகை, பரிசு, கடன் திரும்பியது என்று நாலு கட்டம்.

"எதைக்கா அழுத்தணும்?" என்றாள்.

அந்த ஆப்பைப் பற்றி அவளுக்குப் பாடம் நடத்தியவள் நான். ஒரு நாளைக்குள் எதையும் அழுத்தாவிட்டால் அதுவாகவே சேமிப்பு என்று எழுதிக்கொள்ளும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.